சீரோடு கொடுத்த பாஸ்வேர்டு

என் அக்காள் புருஷன் சுந்தரராஜுலு ஒரு நூல் மில்லில் முப்பத்து நான்கு வருடம் ஃபிட்டராக இருந்தவர். எந்த மிஷின் நின்றாலும் ஓட வைத்துவிடுவார். ஆனால் எதிரே நிற்கும் ஆள் குரலைக் கொஞ்சம் உயர்த்திவிட்டால் இவர் நின்றுவிடுவார். மேஸ்திரி திட்டினால் 'சரிங்க'. மேனேஜர் திட்டினால் 'சரிங்க, தப்புதானுங்க'. தப்பு யாருடையது என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். அவரை நான் மட்டமாகப் பேசுவதாக நினைக்க வேண்டாம். எனக்கு அவர் மேல் பிரியம் உண்டு. கோபம் அதைவிட அதிகமாக உண்டு.

என் பெயர் அழகிரிசாமி. கிணத்துக்கடவில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அக்காள் புருஷனைப் பாவா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா மாசாணத்துக்கும் பாவாவுக்கும் ஒரே பெண், ஷ்ரவ்யா. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன இடத்தில் ஆதர்ஷ் என்ற பையனைப் பிடித்துப் போயிற்று. எங்கள் ஜாதிதான், எங்களைப் போல வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள்தான். ஆனால் அவன் அப்பா ரங்கராஜ் மில் முதலாளி. ஃபிட்டர் மகள் முதலாளி வீட்டுக்கு மருமகளாகப் போனாள். ஊரே வாயைப் பிளந்தது. பாவா அன்றிலிருந்தே தலையைக் குனிந்துகொண்டார்.

சீரில் கட்டில், பீரோவோடு அறுபத்தைந்து இஞ்ச் டிவி ஒன்றும் வைத்தார். அதோடு விட்டாரா? ரிட்டயர் ஆனபின் பொழுது போக ஒரு ஓடிடி கணக்கு எடுத்திருந்தார், நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மறுவீட்டுக்குப் போன அன்று சம்பந்தி வீட்டு ஹாலில் அந்த டிவியில் தன் பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்து, "பொட்டி மட்டுமில்லீங்க, உள்ள ஓடற படமும் நம்ம சீர்தானுங்க" என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். சம்பந்தியம்மா பங்காரம்மாவும் சிரித்தார். நூறு கணக்கு வாங்க வசதி இருந்தும் மூன்று வருடம் பாவா கணக்கிலேயே படம் பார்த்தார்கள். சும்மா வருவதைப் பணக்காரர்கள் விடவே மாட்டார்கள்.

பங்காரம்மாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். மனம் நல்லபடியாக இருந்தால் தெலுங்கில் பேசுவார். ஒருவரைத் தள்ளி நிறுத்த நினைத்தால் தமிழுக்கு மாறிவிடுவார், அதுவும் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு. அந்த மரியாதையைக் கேட்டவர்களுக்குத்தான் அதன் வலி தெரியும்.

இந்த வருடம் ஷ்ரவ்யா முழுகாமல் இருந்தாள். ஏழாம் மாதம் அவர்கள் வீட்டில் வளைகாப்பு. அது முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவது எங்கள் வழக்கம். பாவாவும் அக்காவும் வேறு எதையும் கேட்கவில்லை, அந்த மூன்று மாதத்தைத்தான் கேட்டார்கள். பாவா அவள் அறைக்கு வெள்ளையடித்தார். அவளுக்குக் குனிய முடியாதென்று பாத்ரூமை இடித்துக் கட்டினார். ஜன்னலுக்குக் கொசுவலை தானே அடித்தார். அடித்த வலை கோணலாக இருக்கிறதென்று பிரித்து மறுபடி அடித்தார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஓடிடி கம்பெனிக்காரன் புதுச் சட்டம் போட்டான். ஒரு கணக்கு, ஒரு வீடு. கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவர் குடியிருக்கும் வீட்டில் மட்டும்தான் படம் ஓடும்.

என் கடை அந்த வாரம் எழவு வீடு மாதிரி இருந்தது. தேங்காய் மண்டிக்காரர் ஒருவர், ஒரே கணக்கை மகன் ஹாஸ்டலுக்கும் தம்பி வீட்டுக்கும் சின்ன வீட்டுக்கும் கொடுத்திருந்தவர், "நான் காசு கட்டறேன், எவன் பாத்தா அவனுக்கென்ன?" என்று என்னைச் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். பேங்க் ஆபீசர் ஒருவர் மானஸ்தர், அன்றே கணக்கை மூடினார். ஒன்பதாம் நாள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு வந்து திறந்து தரச் சொன்னார். ஒரு காலேஜ் பெண் நின்று அழுதாள். பிரிந்து போன பையன்கூட அவளைத் தன் கணக்கிலிருந்து வெளியேற்றாமல் விட்டு வைத்திருந்தானாம், கம்பெனி வெளியேற்றிவிட்டது. நான் சிரித்துக்கொண்டுதான் எல்லாருக்கும் பதில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பங்காரம்மாவின் சொந்தக்காரர்கள் கொடுமுடிக்குப் போய்விட்டு அவர் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து பதினைந்து பேர் ஹாலில் உட்கார்ந்து டிவியைப் போட்டால், அறுபத்தைந்து இஞ்சுக்கும் எழுத்து வந்து நிற்கிறது. 'இந்த டிவி சுந்தரராஜுலுவின் வீட்டைச் சேர்ந்தது அல்ல. தொடர்ந்து பார்க்க உங்களுக்கெனச் சொந்தக் கணக்கு தொடங்குங்கள்.' யாரோ ஒரு தம்பி முறைக்காரர், "ஏனக்கா, மில்லு ஓட்டறது நீங்க, படம் ஓட்டறது சம்பந்திங்களா?" என்று கேட்டுவிட்டாராம். முதலாளி வீடு ஃபிட்டர் கணக்கில் படம் பார்ப்பது அன்றைக்குத்தான் சந்திக்கு வந்தது.

பத்து நிமிடத்தில் பங்காரம்மாவிடமிருந்து பாவாவுக்குப் போன். நான் அவர் வீட்டில் பாத்ரூமுக்கு ஹீட்டர் மாட்டிக்கொண்டிருந்தேன். பாவா கையில் சிமெண்டு, அதனால் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, நாங்க உங்க ஊட்டு ஆளுக இல்லீன்னு எங்க டிவியிலயே எழுதிப் போட்டிருக்கறீங்க. ரொம்ப சந்தோசமுங்க."

தமிழில் ஆரம்பித்ததுமே பாவாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, நான் ஒண்ணும் பண்ணலீங்க. கம்பெனிக்காரன்…"

"கம்பெனிக்காரன் பேரு சுந்தரராஜுலுங்களா? பதினஞ்சு பேரு எழுத்துக்கூட்டிப் படிச்சாங்களே."

"தப்புதானுங்க. மன்னிச்சுப்போடுங்க."

"சீர்னு குடுத்ததை நடுவுல புடுங்கிக்கறது உங்க பக்கத்து வழக்கம் போலிருக்குதுங்க. எங்க டிவி உங்க ஊட்டைச் சேராதுன்னா, அதுக்கு முன்னால உக்காந்திருக்கற உங்க பொண்ணு மட்டும் எப்படீங்க உங்க ஊட்டைச் சேருவா? பெரசவத்துக்கு அவளை எங்கே வெக்கறதுன்னு நாங்களும் யோசிக்கோணுமுங்க. வளைகாப்புக்கு இன்னும் நாள் இருக்குது."

போனை வைத்துவிட்டார். பாவா சிமெண்டுக் கையோடு அப்படியே உட்கார்ந்தார். அக்கா சமையலறையிலிருந்து வந்து, "அனுப்ப மாட்டாங்களாடா?" என்று என்னைத்தான் கேட்டாள். அவரைக் கேட்டுப் பிரயோஜனமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் பாவா ஓடிடி கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார். ஊரே அந்த நம்பரில் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தது. இவர் மட்டும் அந்தப் பெண்ணிடம், "உங்களத் தொந்தரவு பண்ணிப்போட்டேனுங்க கண்ணு" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவள் சொன்னதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தார். வெளி வீட்டாரைக் கூடுதல் உறுப்பினராகச் சேர்க்கலாமாம். சேர்த்தோம். ஆதர்ஷுக்கு மெயில் போயிற்று, 'சுந்தரராஜுலு உங்களைக் கூடுதல் உறுப்பினராகச் சேர்த்திருக்கிறார்' என்று.

"கூடுதலுங்களா?" என்றார் பங்காரம்மா. "பந்தியில எடம் பத்தாதப்ப ஓரமா ஒரு எலை போடுவாங்களே, அதுங்களா நாங்க?"

சரி, அவர்கள் பெயரிலேயே புதிதாக ஒரு கணக்கு எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். அதற்கும் பதில் வந்தது. "பழசை நீங்க வெச்சுக்கிட்டு எங்களைத் தனிக்குடித்தனம் அனுப்பறீங்களா சம்பந்தி?"

பாவா மருமகனிடம் பேசிப் பார்த்தார். ஆதர்ஷ் நல்ல பையன், முதுகெலும்பு மட்டும் இல்லை. "அம்மாகிட்டவே பேசிக்கங்க மாமா" என்று முடித்துக்கொண்டான்.

கடைசியில் வழியைச் சொன்னதும் பங்காரம்மாதான். கணக்கின் வீடு அவர்கள் வீடாக இருக்க வேண்டும், நம்பர் அவர் போன் நம்பராக இருக்க வேண்டும். "நாங்க ஒண்ணும் உங்க சொத்தைப் புடுங்கலீங்க. நீங்களும் பாருங்க. ஓடிபி எனக்கு வரும், கேட்டீங்கன்னா குடுக்கறேன்." நான் வேண்டாம் என்று தலையால் அடித்துக்கொண்டேன். "பொண்ணு வந்தாப் போதும் மாப்ள" என்றார் பாவா. அதற்கு மேல் என்ன பேசுவது? என் கையால்தான் மாற்றிக் கொடுத்தேன். மாற்றிய மறு நிமிடம் பாவா வீட்டு டிவியில் எழுத்து வந்தது, இந்த டிவி இந்தக் கணக்கின் வீட்டைச் சேர்ந்தது அல்ல என்று.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறரைக்கு அந்தக் கூத்து நடந்தது. பாவா டிவியைப் போட்டு ரிமோட்டில் ஓடிபி அனுப்பச் சொல்வார். அது பங்காரம்மாவின் போனுக்குப் போகும். இவர் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

"யாருங்க?"

"சுந்தரராஜுலுங்க. ஓடிபி வேணுமுங்க."

"சரியாக் கேக்கலீங்க, இங்க ஆளுக இருக்கறாங்க. சித்த சத்தமாச் சொல்லுங்க."

சத்தமாகச் சொல்வார். அந்தப் பக்கம் யாரோ சிரிப்பது பாவாவுக்கே கேட்குமாம். ஒரு நாள் கேட்காமல் விட்டுப் பார்த்தார். ஏழு மணிக்குப் பங்காரம்மாவே கூப்பிட்டார். "ரோசம் வந்துருச்சுங்களா சம்பந்தி? வளைகாப்புக்குப் பொறவு உங்க ஊட்டுக்கு அனுப்பலாம்னு ஆதர்ஷோட அப்பா நேத்துத்தான் சொன்னாரு…" அவ்வளவுதான். மறுநாளிலிருந்து ஆறரை தப்பவில்லை. நெஞ்சு வெந்து நான் ஒரு நாள் கேட்டேன், "ஏன் பாவா, அந்தக் கருமம் புடிச்ச படத்தைப் பார்த்துத்தான் ஆகோணுமா?"

"படத்தை எவன் பார்த்தான்? ஓடிபி சொல்றது ஷ்ரவ்யா மாப்ள."

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லி ஷ்ரவ்யாவின் செல்போனைப் பங்காரம்மா வாங்கி வைத்துவிட்டார். ஒரு மாதமாக அவளோடு பேச முடியவில்லை. ஆனால் ஓடிபி வந்ததும், தனக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை என்று அவளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வாராம். நாலு எண். அவள் சொல்லச் சொல்ல பாவா காலண்டர் தாளில் எழுதிக்கொள்வார். சில நாள் "இன்னொருக்கா சொல்லு கண்ணு" என்று இரண்டாம் தடவை கேட்பார். எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டிவியை அணைத்துவிடுவார். இருமினாளா, தொண்டை கட்டியிருந்ததா என்று அக்கா கேட்பாள். நாலு எண்ணை வைத்துக்கொண்டு அவர்கள் இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசுவார்கள்.

வளைகாப்புக்கு ஏழு தட்டோடு போனோம். தாய்மாமன் சீராகப் பட்டும் வளையலும் நான் கொண்டு போனேன். திரும்பும்போது அவள் கால் நீட்டி உட்கார்ந்து வரட்டும் என்று பெரிய காராகப் பிடித்திருந்தோம். அக்கா பின் சீட்டில் தலையணைகூட வைத்திருந்தாள். கோயமுத்தூரில் அந்த வீட்டு ஹாலில் நூறு பேர். ஷ்ரவ்யா கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

சாப்பாடெல்லாம் முடிந்து, அழைத்துப் போகலாமா என்று பாவா எழுந்து கைகட்டி நின்று கேட்டார். பங்காரம்மா தட்டிப் பேசவே இல்லை. "நான் தடுக்கலீங்க. அவளையே கேட்டுக்குங்க" என்றார். தெலுங்கில் சொன்னார்.

உள் அறையில் ஷ்ரவ்யாவும் பாவாவும் நானும் மட்டும் இருந்தோம். அக்கா வெளியே அவள் துணிப் பையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"நான் வரலீங்க நைனா."

"ஏங்கண்ணு? உம்பட அத்தை ஏதாச்சும்…"

"அத்தை ஒண்ணும் சொல்லல. தெனமும் ஆறரைக்கு என்னையக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வெச்சு, போனை ஸ்பீக்கர்ல போடுவாங்க. நீங்க ஓடிபி கேப்பீங்க. சத்தமாச் சொல்லுன்னா சத்தமாச் சொல்லுவீங்க. சமையக்காரம்மா கூடச் சிரிச்சுது. அப்பறம் நம்பரை நான் படிக்கோணும். ஒரு நா, ஒரே ஒரு நா, எனக்கு வேண்டாம்னு சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா இன்னொருக்கா சொல்லுன்னு கேக்கறீங்க."

பாவா வாயைத் திறந்தார். உன் குரலுக்காகத்தான் கேட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். இந்த இடத்தை இன்று வரை என்னால் மன்னிக்க முடியவில்லை, அவரையும்தான், குறுக்கே விழுந்து சொல்லாத என்னையும்தான்.

"அங்க வந்து பெத்தா, கொளந்தையைப் பாக்க இவிங்கல்லாம் நம்ம ஊட்டுக்கு வருவாங்க நைனா. நம்ம வாசல்ல நின்னு உங்களை ஏதாவது சொல்லுவாங்க. நீங்க அதுக்கும் சரிங்கம்பீங்க. எம்புள்ளை பொறந்ததும் அதைத்தான் கேக்கோணுமா? இங்கயே பெத்துக்கறேன். நீங்க போங்க."

அவர் "சரி கண்ணு" என்றார். அதைத் தவிர அவருக்கு வேறென்ன தெரியும்?

காரில் தலையணையை அக்கா மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நாலு மணிக்கு வீடு சேர்ந்தோம். அவர்களை விட்டுப் போக மனமில்லாமல் நானும் இருந்தேன். ஆறரை ஆயிற்று. பாவா டிவிக்கு எதிரில் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எதையும் அமுக்கவில்லை. ஏழு மணிக்குப் போன் அடித்தது.

"இன்னைக்கு ஓடிபி கேக்கலீங்களா சம்பந்தி?"

"வேண்டாமுங்க."

"என்னங்க?"

"எனக்கு ஓடிபி வேண்டாமுங்க. இனிமே கேக்க மாட்டேனுங்க. நீங்களும் எம்பொண்ணைப் படிக்கச் சொல்லக் கூடாதுங்க." சொல்லிவிட்டார். அறுபத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஒரு மனிதரை எதிர்த்துப் பேசினார். நான் எழுந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"சரிங்க" என்று பங்காரம்மா போனை வைத்துவிட்டார். அதற்குப்பின் அந்த வீட்டிலிருந்து போனே வரவில்லை. பாவாவும் அக்காவும் இரண்டு தடவை நேரில் போனார்கள். அம்மணி தூங்குகிறாள் என்று வாட்ச்மேன் கேட்டிலேயே சொல்லி அனுப்பிவிட்டான்.

குழந்தை பிறந்த செய்தி மூன்றாம் நாள்தான் வந்தது, அதுவும் ஆதர்ஷ் எனக்கு அனுப்பிய மெசேஜில். அக்காவும் பாவாவும் நானும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒவ்வொருவராகத்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். அக்கா போய்ப் பேரனைப் பார்த்து அழுதுவிட்டு வந்தாள். அடுத்தது நீங்க போங்க பாவா என்றேன். அவர், "என்னையப் பாத்தா அவளுக்குக் கோவம் வருமோ என்னமோ. நீ மொதல்ல போய்க் கேட்டுட்டு வா மாப்ள" என்று வராந்தா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

நான் போனேன். பங்காரம்மா அப்போது அறையில் இல்லை. ஷ்ரவ்யா குழந்தையை மடியில் வைத்திருந்தாள்.

"நைனா வரலீங்களா மாமா? எம்மேல கோவம்னு அத்தை சொன்னாங்க. நான் வரமாட்டேன்னு சொன்ன அன்னைக்கிருந்தே போன் பண்றதை நிறுத்திட்டாராமே."

நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அவள் குரலைக் கேட்கத்தான் தினமும் கூப்பிட்டார் என்று சொன்னேன். அன்று ஏழு மணிக்கு வேண்டாமுங்க என்று சொன்னதை, கூடாதுங்க என்று சொன்னதை, அவர் பேசியபடியே பேசிக் காட்டினேன்.

கேட்கக் கேட்க ஷ்ரவ்யாவின் முகம் இளகுவது போலத்தான் இருந்தது. அப்புறம் தலையைத் திருப்பித் திறந்திருந்த கதவு வழியே வராந்தாவைப் பார்த்தாள்.

"போங்க மாமா. அவரைக் காப்பாத்தறதுக்காக நீங்களா ஒண்ணு சொல்றீங்க. அங்க பாருங்க."

பார்த்தேன். ரங்கராஜும் பங்காரம்மாவும் வந்திருந்தார்கள். பாவா நாற்காலியை விட்டு எழுந்து, ரங்கராஜை அதில் உட்கார வைத்துவிட்டு, பங்காரம்மாவின் பையையும் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தார். பங்காரம்மா ஏதோ சொன்னார். பாவா சரியென்று தலையை ஆட்டினார். அதற்குப்பின் பங்காரம்மா உள்ளே வந்து, பார்க்கிற நேரம் முடிந்துவிட்டதுங்க என்று என்னிடம் தமிழில் சொன்னார்.